சித்திரத்துக்குச் சுவர் இசை

‘சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும்’ என்பது நம் முன்னோர் வாக்கு. உடல்நலம் பேணாத இளைஞருக்கு அறிவுரை கூறும்பொழுது பெரியோர் இதனை எடுத்தாள்வர். ஒரு காலத்தில் திரையரங்குகளில் பெரிய படத்திற்கு முன்னே ஓடி, சிறுவரையும் முதியோரையும் ஒருங்கே சிரிக்கவைத்த கேலிச்சித்திரக் குறும்படங்களுக்கும் இவ்வாக்கு முற்றும் பொருந்தும் என்பது நம் கருத்து. அங்கே பூனை ஓடுகிறது, எலி ஒளிகிறது, பானை உருள்கிறது. இவையனைத்தும் எழுதப்பட்ட சுவர் யாது? அதுவே இசை.

ஐயுறுவோர் தம் இல்லத்திலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். பூனையும் எலியும் ஒன்றையொன்று துரத்தும் பழைய படம் ஒன்றைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கையில், ஒலியை மட்டும் சிறிது நேரம் அடக்கிவிடுக. பூனை முன்போலவே ஓடும். முன்போலவே சுவரில் மோதும். ஆயினும் சிரிப்பு பாதியாய்க் குறையும். பின்னர் ஒலியை வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்க. பூனை பதுங்கிப் பதுங்கிப் படியேறுவதும், கால் சறுக்கி உருண்டு விழுவதும் செவிக்கே புலனாகும். கண்ணை மூடினும் கதை விளங்குகிறது. காதை மூடினால் கதை மங்குகிறது. இஃது எவ்வாறு நேர்ந்தது? நம் நாட்டிலும் இக்கலை முயன்று பார்க்கப்பட்டதா? பட்டதெனில், ஏன் தழைக்கவில்லை? இவ்வினாக்களுக்கு விடை காண முயல்வோம்.

பேசாப்படக் காலம்

திரைப்படம் பிறந்தபொழுது ஊமையாகவே பிறந்தது. ஆனால் அது காட்டப்பட்ட கொட்டகை ஊமையாக இருந்ததில்லை. 1905-இல் திருச்சியில் படக்கருவியை விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் கூடாரமடித்துப் படம் காட்டிய கோவை சாமிக்கண்ணு வின்சென்ட் அவர்களைத் தமிழ்நாடு அறியும். பேசாப்படங்கள் ஓடிய அந்நாட்களில், திரையின் அருகே அமர்ந்து ஆர்மோனியமும் தபலாவும் வாசிப்போர் இருந்தனர். சண்டை வந்தால் தாளம் விரையும்; சோகம் வந்தால் சுருதி குழையும். மேனாட்டு அரங்குகளில் இப்பணியைப் பியானோவோ பெரிய ஆர்கன் கருவியோ செய்தது. அமெரிக்காவின் கான்சாஸ் நகரத் திரையரங்கில் அவ்வாறு ஆர்கன் வாசித்தவருள் ஒருவர் கார்ல் ஸ்டாலிங். அவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்வோம், பின்னர் வேண்டியிருக்கும்.

அசையாப் பொருளை அசையவைக்கும் வித்தை நம் நாட்டுக்கும் விரைவிலேயே வந்துவிட்டது. ‘அரிச்சந்திரன்’ கதையை 1913-இல் படமாக்கி இந்தியத் திரைப்படத்தின் தந்தை எனப் பெயர் பெற்ற தாதாசாகேப் பால்கே, 1915-இல் தீக்குச்சிகளை ஆடவைத்து ஒரு சிறு படம் எடுத்தார். ஒரு குச்சியைச் சற்றே நகர்த்தி ஒரு படம். மேலும் சற்றே நகர்த்தி மற்றொரு படம். இவ்வாறு நூற்றுக்கணக்கில் எடுத்துக் கோத்தால் குச்சி உயிர்பெற்று ஆடும். இன்று அப்படம் நம் கைக்கு எட்டாமல் அழிந்துவிட்டது. ஆயினும் வித்து அன்றே விதைக்கப்பட்டது.

படுக்கைவிரிப்பின் பின்னே பிறந்த ஒலி

1928-ஆம் ஆண்டுக் கோடைகாலம். வால்ட் டிஸ்னி என்னும் இளைஞர் தம் சிறிய கூடத்தில், நீராவிப் படகில் பயணம் செய்யும் எலி ஒன்றின் படத்தை வரைந்துகொண்டிருந்தார். பேசும் படம் வந்து ஓராண்டு ஆகவில்லை. வரைந்த சித்திரம் ஒலி எழுப்பினால் மக்கள் நம்புவரா, அன்றி நகைப்பரா என்னும் ஐயம் அவருக்கு இருந்தது. எனவே ஒருநாள் இரவு, உடன் உழைத்தோரின் மனைவியரை அழைத்து அமரவைத்தார். அவருடைய தமையனார் ராய் சன்னலுக்கு வெளியே நின்று படக்கருவியை ஓட்ட, திரையாகத் தொங்கிய படுக்கைவிரிப்பின் பின்னால் நின்று ஒருவர் வாயிசைக் கருவி வாசித்தார். மற்றவர் தட்டுமுட்டுச் சாமான்களைத் தட்டினர். படமும் ஒலியும் ஓரளவே ஒத்துப்போயின. ஆயினும் ஏதோ புதியதொன்று பிறந்துவிட்டது என்பதை அனைவரும் உணர்ந்தனர்.

பின்னர் நியூயார்க் நகரத்தில் வாத்தியக் குழுவை அமர்த்தி ஒலிப்பதிவு செய்ய முயன்றபொழுது, முதல் முயற்சி முழுத்தோல்வி ஆயிற்று. வாசிப்போரால் படத்தின் வேகத்தோடு ஒட்டிச் செல்ல இயலவில்லை. கைப்பணம் கரைந்தது, டிஸ்னி தம் மோட்டார் வண்டியையும் விற்க நேர்ந்தது. இரண்டாம் முறை ஓர் எளிய உபாயம் செய்தனர். படச்சுருளிலேயே எழுந்து விழும் பந்து போன்ற ஒரு குறியைப் பதித்து, ஒவ்வொரு தட்டும் எங்கே விழவேண்டும் என்பதை வாத்தியக் குழுத் தலைவரின் கண்ணுக்குக் காட்டினர். இம்முறை கைகூடிற்று. ‘ஸ்டீம்போட் வில்லி’ 1928 நவம்பர் 18-ஆம் நாள் நியூயார்க்கின் காலனி அரங்கில் திரையேறியது. மிக்கி எலி உலகப்புகழ் பெற்றது.

ஒலியுடன் வந்த முதல் சித்திரப்படம் இதுவன்று என்பதையும் நேர்மையுடன் சொல்லவேண்டும். மாக்ஸ் பிளைஷர் என்பார் 1924 முதலே, பாட்டின் சொற்கள் மீது பந்து துள்ளிச் செல்ல, அவையோர் அதைப் பின்பற்றிப் பாடும் சிறு படங்களை எடுத்து, அவற்றுள் சிலவற்றுக்கு ஒலியும் சேர்த்திருந்தார். டிஸ்னியின் படத்தில் இருந்த புதுமை வேறு. ஒலி அங்கே ஒட்டுப்போட்டதாக இல்லை. கதையின் உயிராக இருந்தது. ஆடு இசைத்தாளைத் தின்றுவிடுகிறது. அதன் வாலைத் திருகினால் பாட்டு வருகிறது. பசுவின் பற்கள் வாத்தியமாகின்றன. இசையை எடுத்துவிட்டால் அங்கே கதையே இல்லை.

கணக்கும் தாளமும்

பீன்யாவில் வாழும் நமக்கு இக்கலையின் நுட்பம் பிறரைவிட எளிதில் விளங்கும். லேத் எந்திரத்தின் முன் நிற்பவருக்கு ஒரு நூலிழை பிசகின் விலை தெரியும். பல்சக்கரத்தில் ஒரு பல் தவறினால் எந்திரம் முழுதும் என்னாகும் என்பதும் தெரியும். படச்சுருளின் ஓரத்துத் துளைகளைப் பற்றி இழுப்பதும் ஒரு பல்சக்கரமே. ஒலிப்படத்தில் வினாடிக்கு 24 கட்டங்கள் ஓடுகின்றன. ஏழு நிமிடப் படத்திற்கு 10,080 கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் எண்ணப்பட்டது.

தாளத்தை இக்கட்டங்களில் அளந்து வைத்தனர். பன்னிரண்டு கட்டத்திற்கு ஒரு தட்டு என்றால் வினாடிக்கு இரண்டு. நிமிடத்திற்கு 120 தட்டு. எட்டுக் கட்டத்திற்கு ஒன்று என்றால் நிமிடத்திற்கு 180. இது பூனை தலைதெறிக்க ஓடும் காலம். நம் ஆதி தாளத்தை இவ்வளவையில் வைத்துப் பார்ப்போம். எட்டு எண்ணிக்கைக்கும் பன்னிரண்டு பன்னிரண்டாகக் கொண்டால், ஓர் ஆவர்த்தனம் 96 கட்டம். சரியாக நான்கு வினாடி. மிருதங்கம் பயிலும் நம் பிள்ளை கையால் போடும் கணக்கைத்தான் அவர்கள் தாளில் எழுதி வைத்தனர். எந்தத் தட்டில் எலியின் கால் தரையில் படவேண்டும், எந்தத் தட்டில் கதவு சாத்தவேண்டும் என்பதெல்லாம் சித்திரம் வரையுமுன்பே அத்தாளில் குறிக்கப்பட்டுவிடும்.

இம்முறையைச் செம்மைப்படுத்தியவருள் தலையாயவர், நாம் முன்னே கண்ட ஆர்கன் வாசிப்பாளர் கார்ல் ஸ்டாலிங். டிஸ்னியிடம் சேர்ந்து 1929-இல் எலும்புக்கூடுகள் நடனமாடும் ‘ஸ்கெலிடன் டான்ஸ்’ என்னும் படத்திற்கு இசையமைத்தார். நான்கு எலும்புக்கூடுகள் இடுகாட்டில் ஆடுவதன்றி அதில் வேறு கதையில்லை, இசையே கதை. வாசிப்போர் காதில் ‘டிக், டிக்’ என ஒரே சீரான ஒலி கேட்கச்செய்து, தாளம் இம்மியும் வழுவாது காக்கும் உபாயம் அவரால் வழக்கிற்கு வந்தது. இன்றும் உலகெங்கும் ஒலிப்பதிவுக் கூடங்களில் அம்முறை பயன்படுகிறது. 1936-இல் வார்னர் கூடத்திற்குச் சென்ற ஸ்டாலிங், 1958-இல் ஓய்வு பெறும்வரை ஏறக்குறைய வாரத்திற்கு ஒன்றாக இசையமைத்துத் தள்ளினார். பக்ஸ் பன்னி முயலின் குறும்பனைத்தும் அவர் போட்ட தாளத்தின்மேல் நடந்தவையே.

மெட்ரோ கூடத்தில் ஸ்காட் பிராட்லி என்பார் ‘டாம் அண்ட் ஜெர்ரி’ படங்களுக்கு இசை வகுத்தார். பூனையும் எலியும் பெரும்பாலும் பேசுவதில்லை. ஆகவே அவற்றின் கோபம், அச்சம், சூழ்ச்சி, வருத்தம் எல்லாவற்றையும் வாத்தியங்களே பேசவேண்டியிருந்தது. பூனை பியானோக் கச்சேரி செய்ய, அக்கருவிக்குள் குடியிருக்கும் எலி தூக்கம் கலைந்து வெகுண்டெழும் ‘தி கேட் கன்செர்ட்டோ’ 1946-ஆம் ஆண்டிற்கான ஆஸ்கார் பரிசைப் பெற்றது. அதில் ஒலிப்பது ஹங்கேரி நாட்டு இசைமேதை லிஸ்ட் அவர்களின் படைப்பு. கச்சேரி மண்டபத்தின் வாயிலை மிதித்தறியாத கோடிக்கணக்கான மக்கள் மேனாட்டுச் செவ்விசையை முதன்முதல் கேட்டது இத்தகைய படங்களில்தான் எனின் மிகையன்று.

நம் நாட்டு முயற்சி

இனி நம் நாட்டுக்கு வருவோம். கல்கத்தாவின் நியூ தியேட்டர்ஸ் நிறுவனத்திலிருந்து 1934-இல் ‘பீ பிரதர்ஸ்’ என்னும் சித்திரப்படம் வெளிவந்தது. குணமய் பானர்ஜி அதனை எடுத்தவர். அதே ஆண்டு வெளிவந்த ‘ஆன் எ மூன்லிட் நைட்’ என்னும் மற்றொரு சித்திரப்படத்தோடு இணைத்துப் பேசப்படும் பெயர் யாருடையது? ஓவியர் ஒருவருடையது அன்று, இசையமைப்பாளர் ஆர். சி. போரால் அவர்களுடையது! மறு ஆண்டு அதே நிறுவனத்தில் பின்னணிப் பாடல் முறை இந்தியத் திரைக்கு வந்தபொழுது, அதிலும் முன்னின்றவர் இப்பெரியாரே. பாட்டை முதலில் பதிவுசெய்துவிட்டு, பின்னர் அதற்கேற்ப நடிகர் வாயசைக்கும் முறை அது. ஆழ்ந்து நோக்கினால், சித்திரப்படத்தின் முறையும் அதுவே அன்றோ? ஒலி முன்னே, உருவம் பின்னே. நம் திரையிசை முழுவதும் இவ்வடிப்படையில்தான் வளர்ந்தது. ஆகவே சித்திரப்படத்தின் உள்ளியல்பு நம்மவர்க்கு அயலானதன்று.

தமிழும் பின்தங்கவில்லை. சென்னை ஜெமினி ஸ்டூடியோவிலிருந்து 1947-இல் ‘சினிமா கதம்பம்’ என்னும் சித்திரப்படம் வெளிவந்தது. அந்நாளைய திரைப்பட நட்சத்திரங்களையே கேலிச்சித்திரமாக்கி ஆடவிட்ட படம் அது. ‘சந்திரலேகா’வின் முரசு நடனத்தை 1948-இல் உலகுக்குக் காட்டிய அதே கூடம், அதற்கு முன்னாண்டு கோட்டுச் சித்திரத்தையும் ஆடவைத்துப் பார்த்திருக்கிறது என்பதை எண்ணுந்தோறும் நமக்குப் பெருமிதம் தோன்றுகிறது.

அரசினரின் பிலிம்ஸ் டிவிஷன் 1948-இல் தோன்றியது. 1956-இல் அதன் பம்பாய்க் கூடத்தில் சித்திரப்படப் பிரிவு தொடங்கிற்று. அமெரிக்க உதவித் திட்டத்தின்கீழ், டிஸ்னி கூடத்தில் ‘பாம்பி’ முதலிய படங்களில் உழைத்த கிளேர் வீக்ஸ் என்பவர் பயிற்சியளிக்க வந்தார். அவர் இந்தியாவிலேயே, பாதிரியார் குடும்பத்தில் பிறந்தவர். அவர் மேற்பார்வையில் புத்த சாதகக் கதை ஒன்று ‘பன்யன் டீர்’ என்னும் பெயரில் 1957-இல் சித்திரப்படமாயிற்று. அவரிடம் பயின்றோருள் ஒருவரே, பின்னாளில் இந்தியச் சித்திரப்படக் கலையின் தந்தை எனப் போற்றப்பட்ட ராம் மோகன். இராமாயணக் கதையை இந்திய ஜப்பானியக் கூட்டு முயற்சியாகச் சித்திரப்படமாக்கியதில் பெரும்பங்கு கொண்ட அவர், 2019-இல் மறைந்தார்.

அப்பிரிவின் இசைப்பக்கத்திலும் நம் மண்ணில் பிறந்த ஒருவர் இருந்தார். 1925-இல் சென்னையில் பிறந்து, வடநாடு சென்று, பண்டித ரவிசங்கரிடம் பயின்று, புல்லாங்குழலில் வல்லவராகிப் பிலிம்ஸ் டிவிஷனின் இசையமைப்பாளராக நெடுங்காலம் விளங்கியவர் விஜய ராகவ ராவ். பிரமோத் பதியின் ‘எக்ஸ்ப்ளோரர்’ போன்ற சோதனைப் படங்களில், காட்சி வெட்டி வெட்டிப் பாயும் வேகத்திற்கு ஈடாகக் அவர் அமைத்த ஒலி, கேட்போரைத் திடுக்கிட வைக்கும். அவர் ஆசான் ரவிசங்கரும் இத்துறையைத் தொட்டவரே. கனடா நாட்டு நார்மன் மக்லாரன் 1957-இல் எடுத்த ‘சேரி டேல்’ என்னும் படத்தில், ஒரு நாற்காலி தன்மேல் அமரவரும் மனிதனுக்கு இடங்கொடுக்க மறுத்துத் துள்ளுகிறது. அந்நாற்காலியின் ஊடலுக்குச் சிதாரும், சதுர்லாலின் தபலாவும் பேசுகின்றன. மரத்துண்டு ஒன்று வெட்கப்படுவதை இந்தியத் தாளம் உலகத்துக்குக் காட்டியது!

ஏன் தழைக்கவில்லை?

இவ்வளவு திறமை இருந்தும், பூனை எலிக்கு நிகரான ஒரு பாத்திரம் நம் திரையரங்குகளில் ஏன் பிறக்கவில்லை? திறமைக் குறைவு என்று கூறுவோர் மேற்கூறிய வரலாற்றை அறியாதவர். காரணம் வேறு. அமெரிக்கக் கூடங்களில் ஐம்பது பேர் கொண்ட வாத்தியக் குழு பெரிய படங்களுக்காக மாதச் சம்பளத்தில் இருந்தது; சித்திரப்படத்துக்கும் அதுவே வாசித்தது. வரைவோர், வண்ணம் தீட்டுவோர், ஒலி சேர்ப்போர் எல்லோரும் ஆண்டு முழுதும் ஒரே கூரையின்கீழ் இருந்தனர். படநிறுவனங்களின் கையிலேயே திரையரங்குகளும் இருந்தமையால், பெரிய படத்தோடு சிறிய படத்தையும் சேர்த்து விற்க முடிந்தது. 1948-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றத் தீர்ப்பால் அத்தொடர்பு அறுந்தது. அதன்பின் தொலைக்காட்சியும் வந்தது. அங்கேயே கலை தளர்ந்தது. மெட்ரோ தன் சித்திரப்படப் பிரிவை 1957-இல் மூடிற்று.

நம் நாட்டில் அத்தகைய கூரையே அமையவில்லை. ஜெமினியின் முயற்சியும் கல்கத்தாவின் முயற்சியும் தனித்தனிச் சுடர்களாக நின்றுவிட்டன. திரையரங்குகள் செய்திப்படத்தையும் விளக்கப்படத்தையும் கட்டாயம் காட்டவேண்டும் என்னும் சட்டம் இருந்ததால், பெங்களூரிலும் சென்னையிலும் மக்கள் அவ்வப்பொழுது பிலிம்ஸ் டிவிஷன் சித்திரப்படங்களைக் கண்டனர். தமிழ் விளக்கவுரையோடும் கண்டனர். ஆனால் அவற்றுட் பல குடும்பக் கட்டுப்பாடும் சிறுசேமிப்பும் போதிக்கப் பிறந்தவை. போதனை நன்றே, எனினும் போதனைக்கென்றே வரையப்பட்ட பூனை எத்தனை நாள் துள்ளும்? அந்நிறுவனமும் 2022-இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது.

தோல்திரையில் கண்ட சிரிப்பு

ஆயினும் நாம் மனம் தளர வேண்டுவதில்லை. ஏனெனில், வரைந்த உருவத்தைத் தாளத்தோடு ஆடவைக்கும் கலை நமக்குத் திரைப்படத்தோடு வந்ததன்று. தென்தமிழ்நாட்டின் தோற்பாவைக் கூத்தை நினைவுகூர்வோம். வெள்ளைத்திரை, பின்னே விளக்கு, வண்ணம் தீட்டிய தோற்பாவை. ஒரே கலைஞர் பாவையை ஆட்டுகிறார், எல்லாக் குரலிலும் பேசுகிறார், பாடுகிறார். அருகே மிருதங்கமும் ஆர்மோனியமும் சாலராவும். இராமாயணத்தின் நடுவே உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்து ஒருவரையொருவர் அடித்துப் புரள்வர். ஒவ்வோர் அடிக்கும் ஒரு மிருதங்கத் தட்டு. விழுந்தவன் அடுத்த நொடியே எழுவான். இது டாம், ஜெர்ரி பிறப்பதற்கு நெடுங்காலம் முன்னரே நம் ஊர்த் திடலில் நிகழ்ந்த சித்திரப்படம் அன்றோ? கன்னட நாட்டிலும் ‘தொகலு கொம்பெயாட்ட’ என்னும் பெயரில் இக்கலை வாழ்கிறது. அங்கும் நகைச்சுவைப் பாவைகள் உண்டு.

இன்னொரு செய்தி நம் நெஞ்சைத் தொடுவது. தமிழ்நாட்டுத் தோற்பாவைக் கூத்தர் பலருக்குத் தாய்மொழி மராத்தி. தஞ்சையில் மராட்டியர் ஆண்ட காலத்தில் தெற்கே வந்து குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். வீட்டில் ஒரு மொழி பேசி, வெளியே தமிழில் கதை சொல்லித் தமிழரைச் சிரிக்கவைத்தனர். பிழைப்புத் தேடி வேற்றூர் வந்தோர், வந்த ஊரின் மொழியைக் கற்று, அவ்வூர்க் குழந்தைகளின் சிரிப்பிலே தம் இடத்தைத் தேடிக்கொண்டனர். வேலை தேடிப் பீன்யா வந்து, வீட்டில் தமிழும் வெளியில் கன்னடமும் பேசி வாழும் நமக்கு, அவர்கள் வாழ்க்கை தொலைவிலுள்ள கதையன்று.

நாம் செய்யத்தக்கது

நம் குடியிருப்பில் மாலை நேரத்தில் ஒரு வீட்டுத் தொலைக்காட்சியின் முன் தமிழ்க் குழந்தையும் கன்னடக் குழந்தையும் தெலுங்குக் குழந்தையும் இந்திக் குழந்தையும் ஒன்றாய் அமர்ந்திருப்பதை நாம் காண்கிறோம். பூனை படியில் உருளும்பொழுது நால்வரும் ஒரே கணத்தில் சிரிக்கின்றனர். அக்கணத்தை அவர்களுக்குக் காட்டித் தந்தது சொல்லன்று, தாளம். வேற்று மொழியினரிடையே வாழும் நமக்கு இதனினும் சிறந்த பாடம் வேறில்லை.

எனவே சங்க அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுக்கின்றோம். அடுத்த ஆண்டு விழாவில் ஒரு நாழிகை இதற்கு ஒதுக்குக. சித்திரம் வரையும் பிள்ளையையும் மிருதங்கம் பயிலும் பிள்ளையையும் பக்கத்தில் பக்கத்தில் அமரவைப்போம். குறிப்பேட்டின் ஓரத்தில் 96 படங்கள் வரைந்து விரைந்து புரட்டினால், ஆதி தாளம் ஓர் ஆவர்த்தனத்திற்கு ஒரு பாவை ஆடும். தட்டும் காலடியும் ஒன்றாய் விழும் அந்த நான்கு வினாடியில், டிஸ்னியின் படுக்கைவிரிப்பும், போராலின் கல்கத்தாவும், ஜெமினியின் கதம்பமும், தோற்பாவைக் கூத்தனின் விளக்கும் நம் மண்டபத்தில் ஒருங்கே கூடும். அண்டை வீட்டுக் கன்னடக் குழந்தைகளையும் அழைப்போம். சிரிப்பதற்கு மொழிபெயர்ப்பு வேண்டுவதில்லை.

சுவர் நம்மிடம் இருக்கிறது. சித்திரம் எழுதுவாரைத் தேடுவோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!